மூன்று நாடுகளுக்கு ஒரே ஊற்று

சஹாரா பாலைவனத்தின் வடபகுதியில் அல்ஜீரியா, துனிசியா, லிபியா என்ற மூன்று நாடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் கல்லும்தான். மழை என்பது பேருக்குத்தான். ஆனால் அந்த மணலுக்கு அடியில், மூன்று நாடுகளின் எல்லைகளையும் தாண்டி, சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலத்தடி நீர் பரவியிருக்கிறது. இது தமிழ்நாட்டின் பரப்பைப் போல் ஏழெட்டு மடங்கு. இதில் அல்ஜீரியாவின் கீழ் சுமார் 7 லட்சம் சதுர கிலோமீட்டரும், லிபியாவின் கீழ் சுமார் 2½ லட்சமும், துனிசியாவின் கீழ் சுமார் 80 ஆயிரமும் அமைந்துள்ளன.

பேரீச்சை, கோதுமை, உருளைக்கிழங்கு, காய்கறி என்று அப்பகுதியில் விளைவதெல்லாம் இந்தத் தண்ணீரால்தான் விளைகிறது. ஆண்டுதோறும் மழையினால் இதில் புதிதாகச் சேரும் நீர் சுமார் 100 கோடி கன மீட்டர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. (ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.) 1970-ல் ஆழ்துளைக் கிணறுகள் மூலம் மூன்று நாடுகளும் சேர்ந்து எடுத்த நீர் சுமார் 60 கோடி கன மீட்டர். 2000-ம் ஆண்டில் அது சுமார் 250 கோடியை எட்டிவிட்டது. வரவு 100, செலவு 250. மீதி 150 கோடி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை சேர்த்து வைத்த முதலிலிருந்து கரைகிறது.

ஒரு குடும்பத்தில் இப்படி நடந்தால் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். மூன்று தனி நாடுகள், மூன்று அரசுகள், மூன்று சட்டங்கள் என்றால் யார் யாரைக் கூப்பிட்டுப் பேசுவது? ஒரு நாடு குறைத்துக்கொண்டால் மிச்சமான நீரை அடுத்த நாடு எடுத்துவிடாதா? உலகம் முழுவதும் எல்லை தாண்டிய நிலத்தடி நீரின் சிக்கல் இதுதான். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் நடக்கும் இந்தக் கதையில், பக்கத்து வயல்காரரோடு ஒரே ஊற்றைப் பங்கிடும் சிறு விவசாயிக்கும் வேண்டிய செய்தி இருக்கிறது.

மணலில் தோண்டிய ஊற்று

ஆற்று நீருக்கு மேல், கீழ் உண்டு. மேலே இருப்பவர் அணை கட்டினால் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் குறையும். அதைக் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம், கேட்கலாம். நிலத்தடி நீர் அப்படியல்ல.

கோடைக் காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பவர்களுக்கு இதன் தன்மை நன்றாகத் தெரியும். இரண்டு ஊற்றுக் குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றை ஆழப்படுத்தி இறைக்க இறைக்க மற்றதில் நீர் இறங்கும். ஆழக் குழியை நோக்கி நாலா பக்கத்து ஈரமும் நகரும். பம்புசெட் ஓடும் கிணற்றைச் சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்ந்துவிடுகிறது. இரண்டு கிணறுகளின் புனல்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இரண்டிலும் நீர் குறையும். ஆனால் முதலில் வற்றுவது ஆழம் குறைந்த கிணறுதான்.

நடுவில் வரப்பு இருந்தாலும் சரி, நாட்டின் எல்லைக் கல் இருந்தாலும் சரி, இந்த விதி மாறாது. மூன்று நாட்டு எல்லைகளும் கூடும் இடத்திற்கு அருகில் லிபியாவில் கடாமிஸ் என்ற சோலையும், அல்ஜீரியாவில் டெப்டெப் என்ற ஊரும் அருகருகே உள்ளன. ஒரு புறத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால் மறு புறத்து நீர்மட்டமும் சேர்ந்து இறங்கும். எடுத்தவர் வேறு நாட்டவர், இழந்தவர் வேறு நாட்டவர். இடையில் கேட்க ஆள் இல்லை.

இறைக்காமல் வந்த தண்ணீர்

பம்புசெட் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அல்ஜீரியாவின் துவாத், குராரா, திதிகெல்ட் பகுதி விவசாயிகள் இந்த நீரைப் பயன்படுத்தி வந்தார்கள். அவர்கள் கண்ட வழி ‘ஃபொக்கரா’ எனப்படும் சுரங்க வாய்க்கால்.

மேட்டுப் பகுதியில் நீர் ஊறும் இடம் வரை வரிசையாகக் கிணறுகள் தோண்டுவார்கள். அந்தக் கிணறுகளின் அடிப்பாகங்களை ஒரு சுரங்கத்தால் இணைப்பார்கள். சுரங்கத்திற்கு மிக லேசான சரிவு இருக்கும். மேட்டில் ஊறும் நீர் அச்சரிவில் தானே ஓடி, பல கிலோமீட்டர் தூரம் கடந்து, தாழ்வான பகுதியில் தரைக்கு வந்துவிடும். மாடும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். பாலாற்றுப் படுகையின் ஊற்றுக்கால்களை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். வேறுபாடு என்னவென்றால், இது தரைக்கு அடியில் ஓடும் ஊற்றுக்கால்.

தண்ணீர் வெளியே வந்ததும் ஒரு சிறு தொட்டியில் விழுகிறது. தொட்டியின் முன்புறத்தில் சீப்பைப் போலப் பல் பல்லாக வெட்டிய கல் நிற்கும். ஒவ்வொரு இடைவெளியின் அகலமும் ஒவ்வொரு குடும்பத்தின் பங்கு. பெரிய பங்குக்கு அகல வழி, சிறிய பங்குக்கு ஒடுக்க வழி. பங்குகள் அனைத்தும் ஊர்ப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். பங்கை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

இதற்கென்று நீர் அளப்பவர் ஒருவர் உண்டு. துளைகள் இட்ட செப்புத் தகட்டை ஓட்டத்தின் குறுக்கே வைத்து, எத்தனை துளை வழியாக நீர் வழிகிறது என்று பார்த்து அளவு சொல்வார். சுரங்கத்தைத் தூர் எடுத்து நீர் கூடினாலும், ஊற்று இளைத்து நீர் குறைந்தாலும் மறுபடி அளந்து எல்லோருடைய பங்கையும் அதே விகிதத்தில் திருத்துவார். எல்லோர் முன்னிலையிலும் அளவு நடக்கும். ஆகவே அவர் சொல்லுக்கு மறுப்பில்லை. நம் ஊர்களில் ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் விடும் நீர்ப்பாய்ச்சியின் இடத்தில் இவர் இருக்கிறார் எனலாம். துவாத், திதிகெல்ட் பகுதி நீர் அளப்பவர்களின் அறிவும் திறமையும் அழியும் நிலையில் இருப்பதாகக் கருதி, 2018-ல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஏன் அழிகிறது? ஃபொக்கரா எடுக்கக் கூடியது ஊற்றின் மேல்மட்டத்து நீரை மட்டுமே. அதே பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கி நீர்மட்டம் ஓரிரு மீட்டர் தாழ்ந்தாலே சுரங்கத்தின் தலைப்பகுதி வறண்டுவிடும். சுரங்கத்தை இன்னும் ஆழமாகத் தோண்ட ஆள் கூலி கட்டுபடியாவதில்லை. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபொக்கராக்கள் இருந்த இடத்தில் பல வறண்டும் இடிந்தும் கிடக்கின்றன. மின்சாரம் இல்லாமல், எரிபொருள் இல்லாமல், வழக்கு இல்லாமல் நடந்து வந்த பாசனம், பக்கத்தில் ஒரு குதிரைத் திறன் கணக்கு வந்ததும் தோற்றுவிட்டது.

பொங்கிய கிணறு அடங்கியது

இந்த நீர்த்தேக்கம் இரண்டு பெரிய அடுக்குகளாக அமைந்துள்ளது. கீழ் அடுக்கு, பாறைகளுக்கு இடையில் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால், துளை போட்டால் பல இடங்களில் நீர் தானே பொங்கி வெளிவரும். நெய்வேலி, கடலூர்ப் பக்கத்தில் ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சஹாராவில் சில இடங்களில் இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழேயிருந்து வரும் நீர் மிகுந்த சூட்டில் இருக்கும். பாய்ச்சுவதற்கு முன் அதை ஆறவிட வேண்டும். தெற்குத் துனிசியாவில் அந்தச் சூட்டையும் வீணாக்காமல், குளிர்காலத்தில் கூடாரப் பயிர்களுக்கு வெப்பம் தரக் குழாய்களில் ஓடவிடுகிறார்கள்.

தானே பொங்கும் கிணற்றில் விவசாயிக்குச் செலவில்லை. ஆகவே இரவு பகலாக ஓடவிட்டார்கள். கிணறுகள் பெருகப் பெருக அழுத்தம் குறைந்தது. முன்பு பொங்கிய கிணறுகளில் இப்போது மோட்டார் பொருத்த வேண்டியதாயிற்று. துனிசியாவின் நெஃப்சாவா பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பேரீச்சந் தோப்புகளுக்குப் பாய்ந்த இயற்கை ஊற்றுகள் அடங்கிப் போயின. அவற்றின் இடத்தை ஆழ்துளைக் கிணறுகள் பிடித்தன. பழைய தோப்புகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் தரப்படும்போது, அனுமதி இல்லாத கிணறுகளால் அவற்றுக்கு வெளியே புதிய தோப்புகள் பரவின. விலை கிடைக்கும் ‘தெக்லத் நூர்’ ரகப் பேரீச்சை ஒன்றையே எல்லோரும் நட்டதும் இதற்கு ஒரு காரணம்.

இதைவிட அஞ்ச வேண்டிய ஆபத்து உப்பு. அப்பகுதியில் ‘ஷாட்’ எனப்படும் பெரிய உப்பளத் தாழ்வுகள் உள்ளன. இதுவரை நிலத்தடி நீரின் அழுத்தம் உப்பு நீரை எதிர்த்து நின்றது. அழுத்தம் தாழ்ந்துவிட்டால் ஓட்டம் திரும்பி, உப்பு நீர் நல்ல நீருக்குள் இறங்கத் தொடங்கும். நீர் குறைந்தால் ஒரு மழைக் காலத்தை எதிர்பார்க்கலாம். உப்பு ஏறினால் எத்தனை மழைக்கும் எளிதில் விலகாது.

மேலே வெள்ளம், கீழே வறட்சி

துனிசிய எல்லையை ஒட்டி அல்ஜீரியாவில் எல் உயெத் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கு மணல் மேடுகளுக்கு நடுவே பெரிய கிண்ணம் போல் பள்ளம் பறித்து, அதன் அடியில் பேரீச்சை நடுவார்கள். வேர் நேராக மேல்மட்ட நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். அதன்பின் பாசனமே தேவையில்லை. காற்றில் சரியும் மணலை அள்ளி வெளியே போட்டால் போதும். ‘கூத்’ என்ற இந்த முறையை 2011-ல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் உலகின் முக்கிய வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது.

இந்தத் தோப்புகளுக்கு வந்த கேடு விசித்திரமானது. நகரம் வளர்ந்ததும் ஆழமான அடுக்குகளிலிருந்து ஏராளமான நீரை மேலே கொண்டு வந்தார்கள். கழிவு நீருக்கு வடிகால் இல்லை. பயன்படுத்திய நீரெல்லாம் மணலில் இறங்கி, கீழ் அடுக்குக்குப் போக வழியில்லாமல், மேல்மட்டத்தில் தேங்கியது. 1980-களிலும் 1990-களிலும் மேல்மட்ட நீர் ஏறி, பள்ளங்களில் தண்ணீர் நின்று, வேர் அழுகி ஆயிரக்கணக்கான பேரீச்சை மரங்கள் மடிந்தன. ஆழத்தில் நீர்மட்டம் தாழ்கிறது. மேலே மரங்கள் மூழ்குகின்றன. பின்னர் கழிவுநீர்க் குழாய்களும் வடிகால் கிணறுகளும் அமைத்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். இன்று அதே வட்டாரம், உள்ளூர்ப் பட்டறைகளில் செய்த சிறு சுழல் தெளிப்பான்களை வைத்து அல்ஜீரியாவிலேயே அதிகமாக உருளைக்கிழங்கு விளைவிக்கிறது. எடுப்பதைப் போலவே வடிப்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பது எல் உயெத் விவசாயிகள் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம்.

மூன்று கணக்கு ஒன்றானது

பல ஆண்டுகள் மூன்று நாடுகளும் தனித்தனியே கணக்கு வைத்திருந்தன. ஒவ்வொரு நாடும் தன் கிணறுகளை மட்டும் எண்ணியது. எல்லைக்கு அப்பால் எதுவும் நடக்காதது போல் திட்டம் போட்டது. 1999-ல் துனிஸ் நகரைச் சார்ந்த சஹாரா–சாஹேல் கண்காணிப்பகத்தின் உதவியுடன் மூன்று நாட்டு நிபுணர்களும் ஒன்று கூடினார்கள். கிணறுகளின் இடம், ஆழம், நீர்மட்டம், எடுக்கும் அளவு ஆகிய விவரங்களை ஒரே பட்டியலில் சேர்த்தார்கள். 60 கோடி 250 கோடியான கதை அப்போதுதான் முழுமையாகத் தெரிந்தது. இப்படியே போனால் எந்த இடத்தில் ஊற்று அடங்கும், எந்த இடத்தில் உப்பு ஏறும் என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

2002-ல் மூன்று நாடுகளும் ஒரு நிரந்தர ஆலோசனை அமைப்பு ஏற்படுத்த ஒப்புக்கொண்டன. 2008-ல் அது செயல்படத் தொடங்கியது. பொது விவரப் பட்டியலைப் பராமரிப்பது, ஆபத்தான இடங்களைச் சேர்ந்து கண்காணிப்பது, ஆய்வு நடத்துவது ஆகியவை அதன் பணிகள். மூன்று நாடுகளிலும் மாதிரிப் பண்ணைகள் அமைத்து, சூரிய சக்தி பம்பு, வடிகால், குறைந்த நீர்ப் பயிர்கள் ஆகியவற்றை விவசாயிகளின் நிலத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். நீர் இறைக்கும் செலவைத் தாமே ஏற்கும் விவசாயிகள் ஒவ்வொரு கன மீட்டர் நீரிலிருந்தும் கூடுதல் வருமானம் எடுக்கிறார்கள் என்று அவர்கள் நடத்திய ஆய்வு காட்டியது.

ஆயினும் இந்த அமைப்புக்கு ஒரு கிணற்றைக்கூட மூடச் சொல்லும் அதிகாரம் இல்லை. இன்ன நாட்டுக்கு இவ்வளவு நீர் என்று பங்கும் பிரிக்கப்படவில்லை. கணக்கு மட்டும் பொதுவாகியிருக்கிறது. இது முதல் படி. அடுத்த படிகளுக்குப் போனவர்களும் உலகில் உண்டு.

ஜெனீவாவில் பங்கும் விலையும்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கும் அதை ஒட்டிய பிரான்ஸ் நாட்டு ஊர்களுக்கும் அடியில் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. இரு நாட்டாரும் குடிநீருக்காக அதில் கிணறுகள் அமைத்தனர். 1970-களின் தொடக்கத்தில், இயற்கையாக ஊறுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீரை எடுத்தனர். இருபது ஆண்டுகளில் நீர்மட்டம் 7 மீட்டருக்கு மேல் இறங்கிற்று. தேக்கத்தின் இருப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இரு தரப்பாரும் பேசி 1978-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன் ஷரத்துகள் எளிமையானவை. ஒவ்வொரு கிணற்றுக்கும் நீர்மானி பொருத்த வேண்டும். இரு தரப்பிலும் மூவர் மூவராக ஆறு பேர் கொண்ட குழு ஆண்டுதோறும் கூடித் திட்டம் வகுக்கும். ஆர்வ் என்ற ஆற்று நீரைச் சுத்தம் செய்து நிலத்துக்குள் விடும் நிலையத்தை ஜெனீவா தன் செலவில் கட்டும். பிரான்ஸ் தரப்பார் ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம். அதில் முதல் 20 லட்சம் இலவசம். அதற்கு மேல் எடுத்தால் நீர் ஊட்டும் செலவில் பங்கு தர வேண்டும்.

நிலையம் 1980-ல் இயங்கத் தொடங்கியது. நீர்மட்டம் மீண்டும் ஏறியது. முப்பதாண்டு உடன்படிக்கை முடிந்ததும் 2008 முதல் மேலும் முப்பது ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டார்கள். பணக்கார நாடுகள் என்பதால் இது சாத்தியமாயிற்று என்று சொல்லலாம். அது ஓரளவு உண்மையே. ஆனால் பணத்துக்கு முன்னால் வந்தது நீர்மானி. யார் எவ்வளவு எடுக்கிறார் என்று இரு தரப்பும் பார்க்க முடிந்தபின்தான் யார் எவ்வளவு தருவது என்று பேச முடிந்தது.

கிணறே கூடாத பகுதி

ஜோர்டானுக்கும் சவூதி அரேபியாவுக்கும் நடுவிலும் ஒரு பெரிய மணற்பாறை நீர்த்தேக்கம் உண்டு. ஜோர்டானில் திசி என்றும், சவூதியில் சாக் என்றும் அதற்குப் பெயர். பழங்கால நீர், மழையால் நிரம்புவது மிகச் சொற்பம். சவூதி அரேபியா இது போன்ற பழங்கால நிலத்தடி நீரைக் கொண்டு பாலைவனத்தில் கோதுமை பயிரிட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை விளைவித்து ஏற்றுமதியும் செய்தது. நீர் கரைவதைக் கண்டு, 2008-ல் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்து 2016-ல் நிறுத்தியது. பிறகு கட்டுப்பாடுகளுடன் ஓரளவு மீண்டும் அனுமதித்தது.

ஜோர்டான் 2013 முதல் அதே தேக்கத்திலிருந்து 325 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாகத் தலைநகர் அம்மானுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 கோடி கன மீட்டர் நீர் கொண்டு செல்கிறது. 2015-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. எல்லையின் இரு புறமும் வரையறுத்த பகுதியில் நிலத்தடி நீர் எடுக்கும் தொழில் எதுவும் கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றை ஐந்தாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும். அதை அடுத்த பகுதியில் குடிநீர்த் தேவைக்கு மட்டும் எடுக்கலாம். அளந்து பங்கிடுவதற்குப் பதிலாக, கிணறுகளின் புனல்கள் ஒன்றை ஒன்று தொடாதபடி தூரத்தால் பிரித்துவிட்டார்கள். அதற்கு விலையாக அந்தப் பகுதியில் பாசனம் கைவிடப்பட்டது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2021-ம் ஆண்டின் உலகக் கணக்குப்படி எல்லை தாண்டிய நிலத்தடி நீர்த்தேக்கங்கள் 468. எல்லை தாண்டும் ஆறுகளுக்கு நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் உண்டு. நிலத்தடி நீருக்கென்றே செய்யப்பட்டவை மிகச் சில. 2008 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை 19 விதிகள் அடங்கிய ஒரு வரைவை நாடுகளின் கவனத்துக்கு வைத்தது. நியாயமான பங்கு, அண்டை நாட்டுக்குப் பெருந்தீங்கு செய்யாமை, விவரங்களைப் பரிமாறுதல் ஆகியவை அதன் சாரம். அது இன்னும் கட்டாய உடன்படிக்கையாகவில்லை.

இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. பஞ்சாப் சமவெளியின் நிலத்தடி நீர் இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் அடியில் தொடர்கிறது. இரு புறமும் குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் உள்ளன. 1960-ம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தம் ஆறுகளின் நீரைப் பங்கிட்டது. அடி நீரைப் பங்கிடவில்லை. அந்த ஒப்பந்தத்தையும் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. இந்தியப் பஞ்சாப், கொளுத்தும் கோடையில் நீர் ஆவியாவதைத் தவிர்க்க, ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக் கூடாது என்று 2009-ல் சட்டம் இயற்றியது. இது எல்லைக்கு இந்தப் புறத்து முயற்சி மட்டுமே. இரு புறத்துக்கும் பொதுவான கணக்கு இல்லை.

சிறு விவசாயி செய்யக் கூடியவை

நாடுகளுக்கு இடையே நடப்பதுதான் வயல்களுக்கு இடையேயும் நடக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் தம் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம் என்பதே 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதல் வந்துள்ள நிலை. பக்கத்து நிலத்துக்காரர் ஆழமாகப் போட்டால் தடுப்பது எளிதல்ல. 300 அடியிலிருந்து 800 அடிக்குப் போக வசதி உள்ளவர் போய்விடுவார். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கடன் வாங்கித் துளை போட்டு, அது பொய்த்தால் நிலத்தையே இழப்பார். ஆழப் போட்டியில் முதலில் தோற்பவர் சிறு விவசாயி. ஆகவே கூட்டுக் கணக்கினால் முதலில் பயன் பெறுபவரும் அவரே.

ஆந்திரப் பிரதேசத்தில் ஏழு வறட்சி மாவட்டங்களில் 2000-களில் விவசாயிகளே மழையளவையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, இருக்கும் நீருக்கு ஏற்பப் பயிர் தேர்ந்தெடுக்கும் திட்டம் நடந்தது. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பின்வரும் நான்கு காரியங்களை எந்தக் கிராமத்திலும் தொடங்கலாம்.

1. கிணற்று மட்டத்தை அளப்பது. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, கிணற்று மேல் விளிம்பில் ஓர் அடையாளம் இட்டு, அங்கிருந்து நீர் வரை எத்தனை அடி என்று மாதம் ஒரு முறை எழுதி வைக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு கழிந்த பின் காலையில் அளப்பது சரியாக இருக்கும். பருவ மழைக்கு முன் எழுதியதும் பின் எழுதியதும் வரவைக் காட்டும்.

2. பம்பின் நீரை அளப்பது. 200 லிட்டர் டிரம் 25 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 8 லிட்டர்; மணிக்கு 28,800 லிட்டர். ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் 1,73,000 லிட்டர். இது ஒரு ஏக்கர் முழுவதும் நாலேகால் சென்டிமீட்டர் உயரம் நிற்கும் நீர். பயிருக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டு இதோடு ஒப்பிட்டால் எங்கே வீணாகிறது என்பது புரியும்.

3. சேர்ந்து எழுதுவது. ஒருவர் கிணற்றுக் கணக்கு அவருக்கு மட்டுமே உதவும். ஒரே ஓடை, ஒரே பள்ளத்தாக்கைச் சார்ந்த பத்துக் கிணறுகளின் கணக்கை ஒரே தாளில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டினால், இந்த ஆண்டு கரும்பா, நிலக்கடலையா, சிறுதானியமா என்று சேர்ந்து பேச அடிப்படை கிடைக்கும். புதிய துளை போட விரும்புபவரோடு இடைவெளி பற்றிப் பேசவும் அந்தத் தாள் உதவும்.

4. தெளிந்த நீரை மட்டும் உள்ளே விடுவது. ஜெனீவாவில் ஆறு கலங்கி வரும்போது நிலத்துக்குள் நீர் விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். மழை நீரைக் கிணற்றுக்குத் திருப்பும் விவசாயிகளும் இதைக் கடைப்பிடிப்பது அவசியம். வண்டல் நீர் ஊற்றுக் கண்ணை அடைத்துவிடும். பூச்சி மருந்து தெளித்த வயலின் நீர் குடிநீரைக் கெடுக்கும். வண்டல் படியும் குழி ஒன்றும், அதற்கு அடுத்து கருங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய வடிகட்டும் தொட்டி ஒன்றும் அமைத்து, மழைக் காலத்துக்கு முன் மணலை மாற்ற வேண்டும்.

வட சஹாராவில் 250 கோடி என்ற எண் தெரியவே மூன்று அரசுகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அது தெரிவதற்குள் பல ஊற்றுகள் அடங்கிவிட்டன; நீர் அளப்பவரின் செப்புத் தகட்டுக்கு வேலை இல்லாமல் போன ஊர்களும் பல. பத்துக் கிணறுகள் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் இதே கணக்கை அடுத்த பருவ மழைக்குள் எழுதி முடித்துவிடலாம்.